மயில்கழுத்து நிறத்தில் ஒரு சாப்பர்

எஞ்சின் வந்த அன்று நான் ஒரு கல்யாணப் பிளவுசுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது என் தையல் கடை. கைபேசியில் கணவரிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கறுத்துப்போன ஓர் இரும்பு உருண்டையை உட்கார வைத்திருந்தார். வாட்டுவதற்கு வாங்கிவந்த ஆட்டுத்தலை மாதிரி அது என்னையே பார்த்தது. கீழே ஒரு வரி: "கோபப்படாதே. வந்து பேசிக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. எந்த வண்டியின் எஞ்சின் என்று திருப்பிக் கேட்டேன். நானும் தினமும் ஸ்கூட்டரில்தான் செம்பவாங்கிலிருந்து கடைக்கு வந்து போகிறேன். வண்டிகள்மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அது சமையலறை வரை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

என் கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர். பெரிய குழாய்களைப் பற்றவைப்பது அவர் வேலை. அவருடைய நண்பர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிள் பட்டறையை மூடியபோது, இரட்டை சிலிண்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார். அதை லாரியில் ஏற்றும்போதே இவர் மனதில் வண்டி முழுதாக உருவாகிவிட்டது. சாப்பர். முன் சக்கரம் எங்கோ முன்னால் நீண்டு போயிருக்கும், கைப்பிடி உயர்ந்திருக்கும், இருக்கை தரையோடு தாழ்ந்திருக்கும். ஒருவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, அப்படியே ஊரைச் சுற்றக் கிளம்பியது போன்ற வண்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வண்டி சாலையில் ஓடாது. எங்கள் ஊரில் வண்டியின் சட்டத்தை நாமாக வெட்டி ஒட்டினால் அரசாங்கத்தின் சட்டம் விடாது. அது அவருக்கும் தெரியும். கையால் செய்த வண்டிகளுக்கென்று நகரத்தில் ஒரு கண்காட்சி நடக்கும், அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்றார்.

"ஓட்ட முடியாத வண்டிய எதுக்குங்க செய்யணும்?"

"செஞ்சு பாக்கணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

கட்டப்போவதில்லை என்று தெரிந்தே நானும் சில சேலைகளை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

எங்களுடையது மாமனார் காலத்தில் வாங்கிய பழைய வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்தும் கொட்டகை. எங்களிடம் கார் கிடையாது. அங்கே என் ஸ்கூட்டரும் துணி காயப்போடும் கம்பிகளும்தான் இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடம் பட்டறையாக மாறிவிட்டது. ஆடாத ஒரு இரும்பு மேசை, எரிவாயு உருளை, வெல்டிங் மெஷின், பொறி பறக்காமல் தடுக்க நாலாபுறமும் தடித்த தார்ப்பாய். என் துணிகள் கொல்லைப்புறத்துக்குப் போயின.

பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி தனியாக இருக்கிறார். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அதன்மேல் வரிசையாக அவருடைய ஆர்க்கிட் தொட்டிகள். முதல் நாள் கிரைண்டர் சத்தம் கேட்டதும் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே வந்து, தொழிற்சாலை திறக்கிறீர்களா என்று கேட்டார். என் கணவர் மன்னிப்புக் கேட்டு, அவர் மதியம் தூங்கும் நேரத்தில் எந்தச் சத்தமும் வராது என்று வாக்குக் கொடுத்தார். ஆன்ட்டி அதோடு போகவில்லை. செய்யப்போவதைக் காட்டச் சொன்னார். இவர் கைபேசியில் ஒரு சாப்பரின் படத்தைக் காட்ட, ஆன்ட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். முன் சக்கரம் ஏன் இவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது, வண்டியோடு சண்டையா என்று கேட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு ரசிகர்.

முதலில் எனக்கு இருந்த ஒரே வேலை பிடித்துக்கொள்வதுதான். "இத பிடி", "அத பிடி", "ஆடாத". எத்தனை நாள்தான் ஒருத்தி பிடித்துக்கொண்டே நிற்பாள். அவர் வண்டியை ஒரு சின்னத் தாளில் வரைந்து வைத்திருந்தார். அதைப் பார்த்து எந்தக் குழாயை எங்கே வளைப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு நான் கடையிலிருந்து பழுப்புத் தாள் சுருளைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தேன். பிளவுஸ் அளவு வெட்டும் தாள். அதில் வண்டியை முழு அளவில் வரைந்தோம். சக்கரங்களுக்குக் கயிற்றின் ஒரு முனையில் சாக்குக்கட்டியைக் கட்டி வட்டம் போட்டேன்.

பிறகு அவரை அந்தத் தாளின்மேல் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். வண்டியில் உட்கார்ந்திருப்பது போல முழங்காலை மடக்கி, கையை நீட்டி, இல்லாத கைப்பிடியைப் பிடித்தபடி கிடந்தார். நான் இஞ்ச் டேப்பை எடுத்துத் தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று ஒவ்வொன்றாக அளந்து குறித்தேன். எத்தனையோ பெண்களுக்கு அளவு எடுத்திருக்கிறேன். ஒரு மோட்டார் சைக்கிளுக்காகச் சொந்தப் புருஷனைத் தரையில் கிடத்தி அளவெடுத்தது அன்றுதான். சிரித்துச் சிரித்து எனக்குக் கோடு கோணிப்போனது. அவர் மட்டும் அசையாமல், முகத்தில் காற்று அடிப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தார்.

அந்தத் தாளை வைத்துத்தான் குழாய்களை வளைத்தார், வெட்டினார், மேசையில் பொருத்தினார். கடைசியாக வந்தது கழுத்து. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வந்து நுழைகிற தடித்த குழாய்த் துண்டுக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் அது. அதுதான் வண்டிக்கு முகம் கொடுக்கிறது. அதை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுக்கு முன் சக்கரம் தள்ளிப் போகும்.

இரும்பைச் சூடு இழுக்கும் என்பது அவர் வாயால் அடிக்கடி கேட்கிற பாடம். ஒரு பக்கத்தையே தொடர்ந்து பற்றவைத்தால், ஆறும்போது அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதனால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கப்பலில் அப்படித்தான் செய்வார். அன்றைக்கு என்ன வேகமோ, வண்டி வடிவம் கண்முன் வந்துவிட்ட சந்தோஷமோ, ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். முகமூடியைத் தூக்கியபோது பல்லெல்லாம் தெரிந்தது.

ஆறிய பிறகு நான் நேர் எதிரே நின்று பார்த்தேன். எதுவோ உறுத்தியது. ஒரு தோள் பக்கமாக இழுத்துக்கொண்ட பிளவுஸைப் போட்டவர் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாமலே தப்பு என்று தெரியுமே, அது போல.

"கழுத்து இழுக்குதுங்க."

"ஸ்ட்ரெய்ட்டாதான் இருக்கு லா."

இருக்கலாம் என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டேன். மீனில் முள் எடுக்கும்போதுகூட வாசல் பக்கமே பார்த்தார். கை கழுவிய உடனே போய், பின் சக்கரம் வரும் இடத்திலிருந்து கழுத்து வரைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டினார். நான் பாத்திரம் துலக்கி முடிக்கும்வரை வெளியே ஒரு சத்தமும் இல்லை. பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் இழுத்திருக்கு."

எவ்வளவு என்று கேட்டதற்குக் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். கழுத்தில் அவ்வளவு என்றால், அவ்வளவு நீளமான ஃபோர்க்கின் நுனியில் சக்கரம் பார்க்கச் சகிக்காது. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. கண்காட்சியில் நிற்கப்போகிற வண்டிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"ஓடாத வண்டின்னா கோணலா இருக்கலாமா?"

யாருமே கவனிக்காத ஒரு சுருக்கத்துக்காக முழு பிளவுஸையும் பிரித்துப் போட்டவள் நான்.

அன்று ஆன்ட்டி தூங்கி எழுந்த பிறகு என் கணவர் கிரைண்டரை எடுத்துக் கழுத்தை அறுத்தார். சத்தம் கேட்டு ஆன்ட்டி சுவருக்கு அந்தப் பக்கம் வந்து, இத்தனை வாரம் செய்ததை ஏன் வெட்டுகிறீர்கள் என்று பதறினார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனவர் ஒரு மடக்கு நாற்காலியுடன் திரும்பி வந்து, ஆர்க்கிட் தொட்டிகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த முறை நான் பிடிக்கவில்லை, பார்த்தேன். அவர் ஒரு பொட்டு வைப்பார், ஆறவிடுவார். நான் நூலைப் பார்த்து, "அந்தப் பக்கம்" என்பேன். எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு வைப்பார். "இப்ப கீழ." மறுபடியும் காத்திருப்பு. கையை மேலே வைத்துச் சூடு குறைந்துவிட்டதா என்று பார்ப்பார். அவசரமே இல்லை. கடைசிப் பொட்டும் ஆறியபின் நூலை இழுத்துக் கட்டினோம். கழுத்தின் நட்டநடுவில் நின்றது நூல். அவர் இன்னொரு முறை கட்டிப் பார்த்தார். அங்கேயேதான் நின்றது.

நாலு பேர் பார்க்கத் தோளில்கூடக் கை போடாத மனிதர், கையுறையைக்கூடக் கழற்றாமல் என்னை இடுப்போடு தூக்கிவிட்டார். நைட்டியில் கரி அப்பிக்கொண்டது. நாற்காலியில் இருந்தபடியே ஆன்ட்டி கை தட்டினார்.

அதற்குப் பிறகு தீபாவளி வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் தையல்காரிக்குச் சொந்தம் கிடையாது. வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டோம். கடையில் துணி மலைபோலக் குவிந்தது. கை பிளவுசில் இருந்தாலும் மனம் கார் கொட்டகையிலேயே இருந்தது. முக்கியமாக பெட்ரோல் டாங்க். சாப்பருக்கு வேர்க்கடலை வடிவத்தில் சின்ன டாங்க்தான் அழகு. கடையில் விற்பதை வாங்கி வைத்துப் பார்த்தால், எங்கள் சட்டத்தின் வளைவில் குரங்கு உட்கார்ந்தது போல இருந்தது. நாமே செய்துவிடலாம் என்று இவர் ஒரு தகட்டை மணல் மூட்டைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்திருந்தார். ஓரமெல்லாம் சுருங்கி, நசுங்கிய பிஸ்கட் டின் மாதிரி ஆகிவிட்டது. குழாய் என்றால் அவருக்குக் கைவந்த கலை. தகடு அவர் சொன்னபடி கேட்கவில்லை.

ஒரு நாள் பருத்த உடம்புள்ள ஒரு வாடிக்கையாளருக்கு முன்பாகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தட்டையான துணியை உருண்டையான உடம்பில் எப்படி உட்கார வைக்கிறோம்? ஓரத்திலிருந்து ஒரு முக்கோணத்தை மடித்துத் தைத்துவிடுகிறோம். டாட் பிடிப்பது என்போம். துணி தானாகக் குவிந்துகொள்ளும். கத்தரிக்கோல் அப்படியே என் கையில் நின்றுவிட்டது. தகடும் தட்டைதானே! அந்த அம்மாள் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார், என் காதில் விழவில்லை. கணவருக்கு போன் போட்டு, "டாங்குக்கு டாட் பிடிச்சா என்னங்க?" என்று கேட்டேன். பட்டறைச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதுவானாலும் வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு அட்டைப் பெட்டிகளைப் பிரித்து உட்கார்ந்தேன். வண்டியின் முதுகெலும்புக் குழாயில் மாவைப் பிசைந்து ஒட்டுவது போலக் களிமண்ணால் டாங்க் வடிவம் செய்தார் அவர். அதன்மேல் துணியைப் போர்த்தி, எங்கெங்கே சுருங்குகிறதோ அங்கங்கே ஊசி குத்தி, அதைப் பிரித்து அட்டையில் வரைந்தேன். வெட்டி, டாட் மூடி, டேப் ஒட்டி, வண்டிமேல் வைத்தேன். அப்படியே குந்திக்கொண்டது. அவர் நாலா பக்கமும் சுற்றிவந்தார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பிறகு அட்டை டாங்கைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூடத்தில் மாட்டியிருக்கும் தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

தகட்டில் வெட்டி, தட்டிக் குவித்து, டாட் ஓரங்களைச் சேர்த்துப் பற்றவைத்து, அரத்தால் தேய்த்தோம். தையல் தெரியக்கூடாது என்றேன். வெல்டு தெரியக்கூடாது என்றார். இரண்டும் ஒன்றுதான். ஒழுகுகிறதா என்று பார்க்க ஓட்டைகளை அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீரைத் தடவினோம். ஒரு டாட்டின் முனையில் குட்டிக் குமிழ் ஒன்று முளைத்தது. துணியிலும் அங்கேதான் தொல்லை. முனையில்தான் சுருக்கம் விழும். மறுபடி வெல்டு, மறுபடி சோப்பு. வேறொரு மூலையில் குமிழ். ஆன்ட்டி சுவருக்கு மேலே எட்டி, எந்தப் பக்கம் குமிழ் வருகிறது என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் எதுவும் வரவில்லை. மூன்று பேரும் ஈரமான ஒரு தகரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒன்றுமே நடக்காததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இருக்கைக்குத் தோல் வாங்க என் கடைக்குக் கீழே இருக்கும் பாயிடம் போனேன். அவருடைய குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு தலைமுறையாக இங்கே பையும் பெல்ட்டும் விற்கிறது. தடித்த தோலை என் மெஷின் தைக்காது என்று சொல்லி, தன் கடையின் பின்கட்டில் இருந்த கனமான மெஷினில் உட்கார இடம் கொடுத்தார். நான் தைப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, குதிரைக்குச் சேணமா?"

"ஆமா பாய். இரும்புக் குதிரை."

ஓரத்துக்குக் கொடுக்கச் சிவப்பு வார் ஒன்றைத் தேடி எடுத்து வந்து கொடுத்தார்.

நிறத்தில்தான் எங்களுக்குள் உண்மையான சண்டை வந்தது. சாப்பர் என்றால் கறுப்பு என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கறுப்பு எல்லோரும் அடிப்பதுதானே என்றேன். கடையில் ஒரு பட்டுச் சேலையில் மிஞ்சிய பிளவுஸ் துண்டு ஒன்று இருந்தது. மயில்கழுத்து நிறம். இப்படிப் பிடித்தால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. அதை டாங்க்மேல் போர்த்திவிட்டு உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"இந்தக் கலர் பெயிண்ட்ல கிடைக்குமா?"

கிடைத்தது. வண்டிகளுக்கு நிறம் அடிக்கும் ஒருவர் துண்டை வாங்கி, கடை வாசலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு பூச்சு, மேலே ஒரு பூச்சு என்று கலந்து கொண்டுவந்துவிட்டார். சட்டம் மட்டும் கறுப்பு. அதில் இருவருக்கும் சம்மதம்.

வண்டி முதன்முதலாக உயிர் பெற்ற நாள் எனக்கு இன்றும் உடம்பில் இருக்கிறது. ஆன்ட்டிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அவர் மதியத் தூக்கத்தையே ரத்து செய்துவிட்டார். பெட்ரோல் ஊற்றினோம். என் கணவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். எஞ்சின் சுற்றியது, தும்மியது, நின்றது. மறுபடியும் தும்மல். பின்குழாயிலிருந்து பட்டென்று ஒரு வெடி. கூரையிலிருந்த மைனாக்கள் பறந்தன. பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, பிறகு என்ன கேடு என்று அவர் முணுமுணுத்தார். நான் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. திடீரென்று அவர் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். இரண்டு சிலிண்டர்களுக்கும் போகும் கம்பிகளை இடம் மாற்றி மாட்டியிருந்தார். முன்னால் போக வேண்டியது பின்னால் போயிருந்தது.

மாற்றி மாட்டினார். "நீ அமுக்கு" என்றார்.

அழுத்தினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? முதலில் அது காதுக்கு வரவில்லை. பாதத்தின் வழியாக ஏறி வந்தது. கொட்டகையின் தகரக் கூரை கிடுகிடுத்தது. மேசையிலிருந்த ஸ்பானர்கள் தாமாக நகர்ந்தன. ஆர்க்கிட் பூக்கள் தலையாட்டின. ஆன்ட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமே கேட்காமல் சிரித்தார். என் கணவர் எஞ்சின்மேல் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். புகை என்றார். இருக்கட்டும், புகைதான். தெருவில் எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கக்கூடாது என்று சீக்கிரமே நிறுத்திவிட்டோம்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் வந்து, வண்டியை வார் போட்டு இறுக்கி ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்துக்குள் நுழைந்தோம். எங்கே பார்த்தாலும் கண்ணாடிபோல மின்னும் வண்டிகள், வெளிநாட்டுப் பாகங்கள், பெரிய பட்டறைகளின் பெயர்ப்பலகைகள். எங்கள் இடம் ஒரு தூணுக்குப் பக்கத்தில். துணியை விலக்கியதும் விளக்கு வெளிச்சம் டாங்க்மேல் விழுந்தது. நீலம் பச்சையானது. நடந்துபோன இருவர் அப்படியே திரும்பி வந்தார்கள். அப்புறம் கூட்டம் குறையவே இல்லை.

வடக்குப் பக்கம் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் மலாய்க்காரர் ஒருவர் எங்கள் வண்டியை விட்டு நகரவில்லை. டாங்கின் அடியில் கையை விட்டுத் தடவி, இணைப்பைத் தேடினார். அச்சில் அழுத்தி வாங்கியதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கணவர் இல்லை என்று தலையாட்டி, என்னைக் கை காட்டினார். அவர் என்னையும் டாங்கையும் மாறி மாறிப் பார்த்தார். எப்படி என்று வாயால் விளக்கி முடியவில்லை. என் துப்பட்டாவை அவருடைய ஹெல்மெட்டின்மேல் போர்த்தி, சுருங்கிய இடத்தைக் கிள்ளிப் பிடித்துக் காட்டினேன். அவர் உரக்கச் சிரித்து, தனக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பரிசை அறிவித்த நேரத்தில் என் கணவர் யாருக்கோ கழுத்தின் சாய்வை விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது காதிலேயே விழவில்லை. அந்த மலாய்க்காரர் மறு வாரமே என் கடைக்கு மாடியேறி வந்து, கல்யாணப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இப்போது என் வெட்டு மேசையில் பிளவுஸ் தாள்களோடு டாங்க் அட்டைகளும் கிடக்கின்றன. செய்கிறவர் என் கணவர், வெட்டுகிறவள் நான்.

ஆனால் நான் சொல்ல வந்தது கண்காட்சிக்கு மறுநாள் காலையில் நடந்ததை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அந்த லாரி நண்பர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். சுங்கை காடுட்டில் அவருடைய முதலாளிக்கு வேலி போட்ட ஒரு லாரி முற்றம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரியும் இருக்காது. கேட்டை மூடிவிட்டால் அது தனியார் இடம். முதலாளியிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். ஆன்ட்டி தானும் வருவதாகச் சொன்னார். இத்தனை மாதம் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவள் ஓடுவதைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். லாரியின் முன் இருக்கையில் தொப்பி போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அகலமான சிமெண்டுத் தரை. முதலில் என் கணவர் ஏறினார். அவர் அளவுக்குத் தைத்த சட்டைபோல வண்டி அவரோடு ஒட்டிக்கொண்டது. கை உயர்ந்து, கால் நீண்டு, தரையில் கிடந்து அளவு கொடுத்த அதே மனிதர், இப்போது நிஜமாகவே காற்றில் போனார். முற்றத்தின் மூலையில் திரும்ப முடியாமல் திணறினார். முன்பக்கம் நீளம் அல்லவா, பாதி முற்றம் வேண்டியிருந்தது திரும்ப. வேலி ஓரம் நின்று ஆன்ட்டி சீனத்தில் என்னவோ கத்தினார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, குரலே போதுமானதாக இருந்தது.

பிறகு நான். ஹெல்மெட்டை மாட்டும்போது என் கணவர் பத்து புத்தி சொன்னார். ஸ்கூட்டர் மாதிரி நினைக்காதே, பின்னால் ஸ்பிரிங் இல்லை, குண்டும் குழியும் முதுகில் அடிக்கும், திருப்ப வேண்டிய இடம் வருவதற்கு முன்னாலேயே திருப்பு. எனக்குக் கைப்பிடி எட்டவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து நுனியில் உட்கார்ந்தேன். கிளட்சை விட்டேன், நின்றுவிட்டது. மறுபடியும். இந்த முறை வண்டி என்னை இழுத்துக்கொண்டு போனது.

முன் சக்கரம் எனக்கு ரொம்ப தூரத்தில், வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவது போல உருண்டது. சிமெண்டின் ஒவ்வொரு கோடும் இடுப்பில் தட்டியது. முட்டிகளுக்கு நடுவே டாங்க். நான் வெட்டியது, அவர் ஒட்டியது, உள்ளே பெட்ரோல் தளும்புவது தெரிந்தது. வெயிலில் அது பச்சையா நீலமா என்று பார்க்க நேரமில்லை. மூலை வந்துவிட்டது. முன்னாலேயே திருப்பினேன். வண்டி யோசித்தது, சாய்ந்தது, சொன்னபடி கேட்டது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு எஞ்சின் மட்டும்தான் கேட்டது.

நாலாவது மூலையில் என் கணவர் இரண்டு கையையும் தூக்கி, போதும், நிறுத்து என்று சைகை காட்டினார். நான் தலையாட்டிவிட்டு இன்னொரு சுற்று போனேன்.